எதிர்பாராத செலவு: பன்னிரண்டு சதவீதம்

“அக்கா!”

மாடியிலிருந்து மேஸ்திரி அலறிய அலறலில், காண்ட்ராக்டர் கையிலிருந்த டீ அவள் செருப்பில் கொட்டியது.

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

குளியலறைச் சுவர் பாதி இடிந்திருந்தது. அதற்குள் இன்னொரு சுவர். இரண்டுக்கும் நடுவே...

ஓர் எலும்புக்கூடு! மணிக்கட்டில் வாட்ச்.

மேஸ்திரிக்குப் பற்கள் தந்தியடித்தன. ஆனாலும் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். குரலைத் தாழ்த்தினார்.

“சாக்குல கட்டிடலாமாக்கா? இடிச்ச கல்லோட கல்லா போயிடும். போலீஸ் வந்தா வேலை நிக்கும். நின்னா நீங்க காலி.”

நிஜம்தான்.

மருந்துக்கடை மாடியைப் புதுப்பிக்க மொத்தமாக ஒரே தொகை பேசியிருந்தாள். எவ்வளவு இழுத்தாலும் அதற்கு மேல் ஒரு பைசா பெயராது. போன வேலையும் அப்படித்தான். எதிர்பாராத செலவுக்கென்று எதுவும் ஒதுக்காமல் தலையாட்டினாள். அஸ்திவாரத்தில் பாறை வந்தது... சொந்த வீடு போனது! இதுவும் கையைக் கடித்தால் தொழிலுக்கே பூட்டு.

ஆனால் இந்த முறை எஸ்டிமேட்டில், ‘எதிர்பாராத செலவு: பன்னிரண்டு சதவீதம்’ என்று ஒரு வரி இருந்தது. எந்தக் காரணத்தால் வேலை நின்றாலும், பதினைந்து நாள் கூலி கடைக்காரர் பொறுப்பு.

“போலீஸுக்கு ஃபோன் போடுங்க,” என்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே மருந்துக்கடைக்காரர். வாட்சைப் பார்த்ததும் உடைந்து அழுதார். ஐந்து வருடத்துக்கு முன் வெளிநாடு போவதாகச் சொல்லிப் போன அண்ணனாம். கட்டடத்தில் சரிபாதிப் பங்காளி. அண்ணன் கையெழுத்து இல்லாமல் விற்கவும் முடியாமல் தவித்தாராம். மாடியில் அப்போது குடியிருந்த வாடகைக்காரன் மேல்தான் சந்தேகம் என்று விக்கினார்.

வாடகைக்காரனைத் தேடி கான்ஸ்டபிள்களோடு ஜீப் பறந்தது.

காண்ட்ராக்டர் வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். நாளை பிளம்பர். மறுநாள் டைல்ஸ். ஐந்து பேர் கூலி. பதினைந்து நாள் பதினாறானால்?

கடைக்காரர் ஈரக் கைக்குட்டையோடு அருகில் வந்தார்.

“வேலை நின்னா என்னம்மா, அதுக்குத்தான் ஒதுக்கியிருக்கோமே. பேசின தொகைல மீதி நாப்பது சதவீதத்தை நாளைக்கே தர்றேன். முதல்ல பேசினப்ப நான் திருத்திக் குடுத்த காகிதம் இருக்கில்ல... அதை மட்டும் குடுத்துடு.”

கேட்காமலே பணம்!

அவள் நடை நின்றது.

ஒரு குழாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசிய மனிதர். ஆணியைக்கூட எண்ணியவர். எதிர்பாராத செலவுக்கென்று அவள் பயந்து பயந்து போட்ட நாலு சதவீதத்தை மட்டும் தானாகவே பன்னிரண்டாக்கினாரே! அன்றைக்குத் தெய்வமாகத் தெரிந்தார்.

கைப்பையைத் திறந்தாள். காகிதத்தை எடுத்தாள். நீட்டினாள்...

இன்ஸ்பெக்டரிடம்!

“இவர் கையெழுத்து சார். இந்தச் சுவருக்கு மட்டும் வட்டம் போட்டிருக்கார். முதல் வாரமே இடிக்கணும்னு எழுதியிருக்கார். எதிர்பாராத செலவை நான் கேட்டதைவிட மூணு மடங்காக்கியிருக்கார்.”

“தாராள மனசு. அதுல என்ன தப்பு?”

“வேலை நின்னா நஷ்டம்னா, எங்க ஆளுங்க எலும்பை மூட்டை கட்டித் தூக்கிப் போட்டுடுவாங்க. அது இவருக்குத் தெரியும். அண்ணன் செத்தது வெளிய வந்தாத்தானே கட்டடம் இவர் கைக்கு வரும்? நாங்க மறைக்காம இருக்கத்தான் சார் அந்தக் காசு.”

மேஸ்திரி வேறு எங்கோ பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தையும் கடைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவருக்குள்ளே இருந்தது தெரியாமலா வட்டம் போட்டீர்கள் என்று நிதானமாகக் கேட்டார்.

கடைக்காரர் உட்கார்ந்தார்... நாற்காலி இல்லாத இடத்தில்!

தரையில் கிடந்தபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தார். அண்ணன் கட்டடத்தை விற்க மறுத்தது. தான் தள்ளிவிட்டதில் அவர் செத்தது. வாடகைக்காரன் ஊரில் இல்லாத அன்று இரவோடு இரவாகச் சுவர் எழுப்பியது.

ஜீப் திரும்பி வந்தது. ஏறும்போது கடைக்காரர் அவளைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

“மீதிப் பணத்துல ஒரு பைசா கிடைக்காது உனக்கு. தெரியுமில்ல?”

அவள் கைப்பையை மூடினாள்.

“அதை எதிர்பாராத செலவுல எழுதிட்டேன் சார். உங்க எஸ்டிமேட்லதான் என்னைச் சேர்க்க மறந்துட்டீங்க.”