கருடனா, மேகலாவா

காலை ஆறு மணிக்குக் காதுமணியைக் கழற்றி மின்னேற்றியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். இருபது நிமிடம். வெளியே வந்து அதை மாட்டிக்கொண்ட பிறகு, ஆறரைக்கு என் மனைவி பிலோமி தன்னுடையதைக் கழற்றுவாள். அந்த நேரத்தில் நான் பால் வாங்கக் கிளம்பிவிடுவேன். மழை கொட்டினாலும் கிளம்பிவிடுவேன். பதினொரு வருடத்தில் இந்த ஒழுங்கு ஒருநாளும் பிசகியதில்லை. பெரம்பூரிலேயே இப்படிப் பொறுப்பான மாப்பிள்ளை கிடையாது என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பாவம், காரணம் அவருக்குத் தெரியாது.

காரணம் என் குரல். பதினேழு வயதில் தொண்டையில் ஓர் அறுவைச் சிகிச்சை. நான் பிழைத்தேன், குரல் பிழைக்கவில்லை. வாயைத் திறந்தால் தகர டப்பாவை சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோல இருக்கும். ஆனால் அதை என் அம்மாவையும் டாக்டரையும் தவிர வேறு யாரும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பார்கள்? ஒலிமாசுச் சட்டத்துக்குப் பிறகு பிறந்தவர்கள் நாங்கள். ஐந்து வயதில் பள்ளியிலேயே இரண்டு காதிலும் மணியைப் பொருத்திவிடுவார்கள். தெருவில் ஹாரன் இல்லை, கோயிலிலும் சர்ச்சிலும் ஒலிபெருக்கி இல்லை. கேட்கவேண்டியதை மணியே கேட்கவைக்கும், அதுவும் திருத்தி. இரைச்சல், பிசிறு, கரகரப்பு எல்லாம் அதன் கணக்கில் பிழை. பிழையை நீக்கிக் கொடுப்பதற்கு ‘ஒலிநேர்த்தி’ என்று அழகான பெயர்.

என் தகர டப்பாவையும் நேர்த்தி செய்துதான் அது பிலோமிக்குக் கொடுத்தது. “உன் குரலுக்குத்தான்பா நான் விழுந்தேன், லூர்து” என்று கல்யாணத்துக்கு முன்னால் அவள் சொன்னபோது சிரித்து மழுப்பினேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இதோ சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று பதினொரு வருடம் ஓடிவிட்டது.

குளிக்கும்போது மட்டும் சொந்தக் குரலில் பாடுவேன். அவள் காதில் மணி இருக்கிற நேரம்தானே, என்ன பயம்? நானே கட்டிய ஒரு மெட்டு, வார்த்தை கிடையாது, ‘தரதரத்தா’தான். துண்டை மறந்துவிட்டுக் கத்தினால் பிலோமி ஒரு வார்த்தை பேசாமல் கதவில் தொங்கவிட்டுப் போய்விடுவாள். காலையிலேயே மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிற ஜென்மம் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அரசாங்கம் ‘வெளியொலி உரிமம்’ கொண்டுவந்தது. வீட்டுக்கு ஒரு கருவி. காற்றில் நிஜமாக ஒலிக்கலாம், வாரத்துக்கு ஆறு மணி நேரம். ஒருமுறை பதிவு செய்தால் பத்து வருடத்துக்கு மாற்ற முடியாது. பிலோமி துள்ளினாள். பதினைந்து வயதிலிருந்து கிடார் வாசிக்கிறாள், எல்லாம் மணிக்குள்ளேயே. “ஒரு தடவையாவது என் கிடார் சுவத்துல மோதித் திரும்பி வரணும்பா” என்றாள். அவளுக்கு வேண்டியது வால்வு ஆம்ப், கிடாரின் ஒலியைப் பெருக்குகிற பெட்டி. நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய வடிவத்தில், கண்ணாடி வால்வுகளோடு இப்போது மறுவார்ப்பாக வருகிறதே, அது.

ரிச்சி தெருவில் ரிஃபாயா அக்கா கடையில் இரண்டு இருந்தன. ஒன்று ‘மேகலா’. வெளிர்நீல உறை, கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். இன்னொன்று ‘கருடன்’. கறுப்புப் பெட்டி, இருபத்திரண்டு கிலோ. நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் ஓட்டு மேகலாவுக்குத்தான் என்று சொல்லவும் வேண்டுமா?

“மேகலாவோட அடிநாதத்தைக் கேளு, தேன் மாதிரி இழையுது” என்றேன்.

“உனக்கு என்ன தெரியும்? கருடன்ல ஒரு ஆழம் இருக்கு” என்றாள் பிலோமி.

மூன்று சனிக்கிழமை இதே சண்டை. உண்மையைச் சொன்னால் எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. ஒப்புக்கொண்டால் ரசனை கெட்டவன் என்பாளே என்று தேன், பாகு, பட்டு என்று அள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன்.

நான்காவது சனிக்கிழமை ரிஃபாயா அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “ஏம்மா, மூணு வாரமா என் கடைக்கு வந்து குடும்பச் சண்டை போடுறீங்க. மணியை மாட்டிக்கிட்டு எதைத்தான் ஒப்பிடுறீங்க? வால்வோட உசுரே கரகரப்புதான். உங்க மணி அதைத்தான் மொதல்ல தொடைச்சுப் போடுது. அப்புறம் கருடன் என்ன, மேகலா என்ன? பின்னாடி திறந்தசெவி அறை இருக்கு. கழட்டிட்டுக் கேளுங்க. உள்ள போனா ரெண்டு பேரும் கழட்டணும், அதுதான் சட்டம்.”

பல் வலிக்கிறது என்றேன். ஒரு லிஃப்ட் பாதியில் நிற்கிறது, போகவேண்டும் என்றேன். பிலோமி என்னைப் பார்த்தாள். அவளும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு “வா” என்று கையைப் பிடித்தாள். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் போதும், தலையாட்டியே சமாளித்துவிடலாம் என்று உள்ளே போனேன்.

கதவு சாத்திக்கொண்டது. இரண்டு பேரும் மணிகளைக் கழற்றித் தட்டில் வைத்தோம். என் மூச்சே எனக்குக் கேட்டது. பிலோமி பேசவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த கிடாரை மேகலாவில் செருகி, வால்வுகள் சூடாக அரை நிமிடம் காத்திருந்தாள். வாசித்தாள். இனிமை, சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் மும்முரமாகத் தலையாட்டினேன்.

அடுத்து கருடன். குமிழை நான்கு வரை திருப்பினாள். முதல் தந்தியிலேயே ஒலி கிழிந்தது. தொண்டை கட்டியவன் அடிவயிற்றிலிருந்து கூப்பிடுவதுபோல ஒரு கரகரப்பு, தரை அதிர்ந்து என் கால் வழியாக ஏறியது. அந்தக் கரகரப்பில் அவள் வாசித்தது என் மெட்டு. குளியலறை மெட்டு. ‘தரதரத்தா’வில் நான் மேலே ஏற முடியாமல் உடைகிற அந்த இடத்தில், கருடனும் சரியாக உடைந்தது.

“இது... எப்பிடி?”

என் வாய்தான் கேட்டது. தகர டப்பா அறை முழுக்க உருண்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“இனிமே பொத்தி என்ன பண்ணப்போற?” என்றாள் பிலோமி. “நீ குளிக்கப் போனதும் நானும் மணியைக் கழட்டிடுவேன். நீ வெளியே வரதுக்குள்ள மாட்டிப்பேன்.”

“எப்போலேர்ந்து?”

“கல்யாணமான மூணாம் நாள்லேர்ந்து.”

“அடிப்பாவி! ஏன் சொல்லல?”

“சொன்னா பாட்டை நிறுத்திடுவியே.”

அழுகை வந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயது ஆம்பிளை, கடையின் பின்னறையில், கருடன்மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். அழும்போதுதான் ஒன்று உறைத்தது. இப்போது பேசியது யார்? கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நான் கேட்டுவந்த அந்தக் கனத்த, இழைவான குரல் இல்லை இது. மெல்லிசாக, கீச்சென்று, பாதி மூக்கு வழியாக வந்தது. என் குரலையே நினைத்து நினைத்துச் செத்தேனே தவிர, அவளுக்கும் ஒரு குரல் இருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அவள் முகம் சுருங்கியிருந்தது. “எப்பிடி இருக்கு? பொய் சொல்லாத.”

“மூக்கால பேசுற.”

“தெரியும். அதான் நான் பாடறதே இல்ல.” கிடாரின் தந்தியை நிமிண்டிக்கொண்டே சொன்னாள். “நான் மணி இல்லாம கேட்டதை உன்கிட்ட சொன்னா, நீயும் என்னை அப்பிடிக் கேக்கணும்னு சொல்லுவ. அந்தப் பயம் வேற. நீ மணி இல்லாம குளிக்கிற நேரத்துல நான் வாயே திறக்கமாட்டேன், கவனிச்சியா? துண்டைக்கூடப் பேசாம மாட்டிட்டு ஓடிடுவேன்.”

“நான் உன்னைக் கோபக்காரின்னு நினைச்சுட்டிருந்தேன்.”

“பதினொரு வருஷமாவா? மக்கு!” என்றாள் மூக்கால். அந்த ‘மக்கு’ இருக்கிறதே, அதை எந்த மணியாலும் எனக்குக் கொடுத்திருக்க முடியாது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

ரிஃபாயா அக்கா கதவைத் தட்டினார். மணியை மாட்டிக்கொண்டு திறந்தோம்.

“முடிவு பண்ணீங்களா? எது?”

“கருடன்” என்றேன் நான், முந்திக்கொண்டு.

மூன்று மாடி. இருபத்திரண்டு கிலோ. முதல் மாடியில் நானே என்னைத் திட்டிக்கொண்டேன், இரண்டாவது மாடியில் அரசாங்கத்தை, மூன்றாவதில் பேச மூச்சில்லை. பிலோமி கிடாரை மட்டும் தூக்கிக்கொண்டு சிரித்தபடி பின்னால் வந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மின்னேற்றியில் இரண்டு ஜோடி மணிகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நான் பாடினேன், கொஞ்சம் கூச்சத்தோடுதான். கூடத்திலிருந்து கருடன் கூடவே வந்தது. அது முடிந்ததும், துண்டு எதிரே கம்பியிலேயே தொங்கியும், வேண்டுமென்றே கத்தினேன்.

“பிலோ, துண்டு!”

“வரேன், இரு!” என்றாள், கீச்சென்று, மூக்கால்.