களிமண் தொட்டியருகே ஒரு பிணம்

டெலிபோன் அலறியது!

"இன்ஸ்பெக்டர் காதர் மைதீன்..."

"ஐயா! காஜா பெராங் கொட்டகைக்கு ஓடியாங்க... எங்க இன்ஜினியர் ஜெயபாலன் செத்துக் கெடக்கிறாரு!"

பேசியவர் சுரங்கக் கம்பெனி மேனேஜர் தம்பிராஜா.

ஜீப் பறந்தது.

மலாயாவில் மெர்டேக்கா, சுதந்திரக் கொடி ஏறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் காஜா பெராங்கில் ஒரு குழி! ஈயச் சுரங்கத்தில் மிஞ்சிய, விஷக் கதிர் வீசும் மணலைப் புதைக்கப் போகிறார்களாம். சுற்றிலும் களிமண் சுவராம். ஒரு சொட்டும் கசியாதாம்!

அதற்கு ஒத்திகைதான் கொட்டகையில் இருந்த கண்ணாடித் தொட்டி. நடுவில் அந்த மணல், சுற்றிக் களிமண், அதைச் சுற்றித் தண்ணீர். பெரிய மனிதர்கள் வந்து பார்த்துக் கைதட்டினார்கள். கைதட்ட என்ன கஷ்டம்? கிணறு அவர்கள் வீட்டிலா இருக்கிறது!

இப்போது தொட்டி உடைந்திருந்தது. கீழே ஜெயபாலன்... மண்டை பிளந்து! தரையெங்கும் தண்ணீர்.

"தொட்டி ஒடைஞ்சு தண்ணி கொட்டிருக்கு. வழுக்கி விழுந்துட்டாரு. ஆக்சிடென்ட்லா ஐயா!" என்றார் தம்பிராஜா.

"பொய்!"

வாசலில் ஜெயபாலனின் மனைவி கோகிலா. கண்ணில் நீர் இல்லை. நெருப்புதான் இருந்தது.

"களிமண்ணு கசியும், குழியில மணலக் கொட்ட விடமாட்டேன்னு நேத்து இந்த ஆளுகிட்ட சண்டை போட்டாரு! கம்போங் சனங்க குடிக்கிற ஊர்க் கிணறெல்லாம் நாசமாயிடும்னாரு!"

"பாவம்... துக்கத்துல ஒளறுது" என்றார் தம்பிராஜா.

'பாவமா?'

கோகிலா உள்ளே பாய்ந்தாள். தொட்டிக்குள் கையை விட்டாள். ஒரு களிமண் கட்டியைப் பெயர்த்துத் தம்பிராஜாவின் முகத்தில் வீசினாள்!

டக்!

நெற்றியில் பட்டு, கல்லாய்த் தரையில் உருண்டது.

காதர் மைதீன் குனிந்து எடுத்தார். எட்டித் தொட்டிக்குள் பார்த்தார். களிமண் சுவர் முழுக்க விரல் நுழையும் விரிசல்கள்!

"தண்ணிக்குள்ள கெடந்த களிமண்ணு... பிஸ்கட்டு மாதிரி காஞ்சிருக்கே?"

கோகிலாவுக்குப் புரிந்தது.

"வெயில் காலத்துல குழி என்னாவும்னு பாக்க, இவரு தண்ணிய பல நாளு முன்னாடியே வடிச்சிட்டாரு சார்!"

"அப்போ தரையில இருக்கிற தண்ணி?"

தம்பிராஜா பின்வாங்கினார். அடித்தது அவர்தான்! வழுக்கி விழுந்த கதைக்காகத் தொட்டியை உடைத்தார். தண்ணீர் வரவில்லை. வாளியில் மொண்டு தரையில் ஊற்றினார். களிமண்ணைப் பற்றி ஊரெல்லாம் பேசிய மனிதர், அதை நனைக்க மறந்துவிட்டார்!

"ஆமா, நான்தான்!" என்று கத்தினார். "மணல் லாரி கெளம்பிருச்சு... இவன் ஒருத்தன் வெரிசல், வெரிசல்னு உயிர வாங்கினான்!"

"லாரிய மறிங்க!" இன்ஸ்பெக்டர் உறும, போலீஸார் பாய்ந்தார்கள்.

"புருசன் போயிட்டாரு..." கோகிலா இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "அந்தக் குழியில ஒரு பிடி மணல் விழுந்துச்சு... நானே போயி அதுல படுத்துக்குவேன்!"

"விழாது தங்கச்சி."

விலங்கு மாட்டிய கையை உதறினார் தம்பிராஜா.

"எனக்கு ஆளுங்க இருக்காங்க! நாளைக்கே வெளிய வந்துருவேன், பாக்கிறியா?"

"கஷ்டம்லா மிஸ்டர் தம்பிராஜா..." காதர் மைதீன் ஜீப் கதவைத் திறந்தார்.

"எங்க லாக்கப்ப களிமண்ணுல கட்டல!"