செத்தவரின் கட்டைவிரல்!

மூன்று நாளைக்கு முன் செத்துப்போன தோப்ரி ஸ்தானெவ் கோலெவ், வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி நாலு நிமிடத்துக்குத் தன் அறுவடை மெஷினைக் கிளப்பினார்!

ஏழு ஐந்துக்கு இன்ஸ்பெக்டர் மிலேனாவின் போன் அலறியது.

"மேடம்...! பிணம் வண்டி ஓட்டுது!"

மிலேனாவின் வாயில் பாதி பனித்சாப் பலகாரம், கையில் பாதி. சீஸ் சூடாக வழிந்துகொண்டிருந்தது.

"யாருய்யா நீ? காலங்காத்தால ஊத்திக்கிட்டியா?"

"நான் வாலெரி ரய்ச்செவ். மெஷின் கம்பெனி ஏஜெண்ட். எங்க மெஷினைக் கிளப்பணும்னா லைசென்ஸ்காரர் வலது கட்டைவிரலைத் திரையில வைக்கணும். வேற எவன் வச்சாலும் அசையாது. இங்க லைசென்ஸ்காரர் செத்துட்டார். ஊர்ல ஒரு கம்பம் பாக்கியில்லாம மரண அறிவிப்பு ஒட்டியிருக்காங்க. ஆனா இப்பதான் விரல் வச்சார்னு என் போன் சொல்லுது!"

"அதனால...?"

"புரியலையா மேடம்? விரலை வெட்டிட்டாங்க!"

பனித்சா தொண்டையிலேயே நின்றது.

இருபது நிமிடத்தில் ஜீப் கோலெவ் வீட்டு வாசலில் நின்றது. பார்க்கும் திசையெல்லாம் கோதுமை. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது.

டை கட்டிய ரய்ச்செவ், கையில் ஒரு கத்தைக் காகிதத்தோடு ஓடிவந்தான். பின்னாலேயே பக்கத்து வீட்டு கோஸ்தா, தொந்தியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி நானே போட்ட ஒப்பந்தம் மேடம், நாப்பத்தெட்டு பக்கம்! பிரிவு பதினேழைப் பாருங்க. லைசென்ஸ் வாங்கினவர் உயிரோட இருக்கிற வரைக்கும்தான். வாரிசுக்குப் போகாது."

"மெஷின்?" என்றான் கோஸ்தா.

"மெஷின் போகும். அதைக் கிளப்பற உரிமை போகாது."

"அப்ப உள்ள கோழி வளக்கலாம்!"

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும்!"

"ஏன் சார், பைபிளையே நான் பாதியில விட்டவன். அதுலயாவது கடைசியில சொர்க்கம் தர்றதா சொல்றாங்க. நீங்க என்ன தர்றீங்க?"

மிலேனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவளும் போனில் எது கேட்டாலும் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்துகிறவள்தான்.

"சாயங்காலம் ஆலங்கட்டி மழையாம்மா," என்றான் கோஸ்தா, குரலை இறக்கி. "இன்னிக்கு அறுக்கலன்னா இந்த வீட்டுக்கு ஒரு வருஷ உழைப்பும் மண்ணோட மண்ணு. அதான் சாவு வீட்டுலயும் மெஷின் ஓடுது."

தூரத்து வயலில் இயந்திரம் உறுமியது கேட்டது.

"பிணம் எப்ப வீட்டுக்கு வந்துச்சு?"

"ஆறு மணிக்கு. மகன் ஜெர்மனியிலேர்ந்து லாரியில வந்துக்கிட்டிருக்கான். அவனுக்காகத்தான் நேத்து வரைக்கும் ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில வச்சிருந்தாங்க. மதியம் அடக்கம்."

ஆறு மணிக்குப் பிணம். ஏழு மணிக்கு விரல். ஓட்டுகிறவனை அப்புறம் பிடிக்கலாம், முதலில் பிணம் என்று மிலேனா விடுவிடுவென்று உள்ளே நுழைந்தாள்.

கூடத்தில் திறந்த சவப்பெட்டி. தலைமாட்டில் மெழுகுவத்தி. கறுப்புத் துணி கட்டிய மருமகள் டின்கா அரண் மாதிரி நின்றாள்.

செத்தவரின் கைகள் தெரியவில்லை. மேலே கார்னேஷன் பூக்கள் குவிந்து கிடந்தன!

"பூவைக் கொஞ்சம் எடும்மா."

"முடியாது."

"போலீஸ் கேக்குது."

"கடவுளே கேட்டாலும் முடியாது! அவர் உசுரோட இருக்கிறப்ப யாருக்கும் காட்டாததை நான் காட்ட மாட்டேன். இருபத்தேழு வருஷம் என்னை மருமகளேன்னு கூப்பிட்டதில்ல மேடம், மகளேன்னுதான் கூப்பிட்டார்."

மிலேனாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் குனிந்து பூக்களை விலக்கினாள்.

வலது கையில்... கட்டைவிரல் இல்லை!

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" ரய்ச்செவ் வீறிட்டான். "கொலைகாரக் கும்பல்! கைது பண்ணுங்க!"

சொன்ன வேகத்தில் போனை எடுத்து எதையோ அழுத்தினான்.

வயலில் உறுமல் நின்றது.

"என்ன பண்ணே?"

"லைசென்ஸ்காரர் மரணம்னு பதிஞ்சேன். பூட்டிருச்சு!"

மிலேனா இன்னும் குனிந்தாள். விரல் இருந்த இடத்தில் தோல் வழவழப்பாக மூடியிருந்தது. ரத்தம் இல்லை. வெட்டு இல்லை.

"ரய்ச்செவ்... இது இன்னிக்குப் போனதில்ல."

"எண்பத்தொண்ணுல போச்சு," என்றாள் டின்கா. "கூட்டுப் பண்ணை மெஷின்ல. அன்னியிலேர்ந்து அந்தக் கை எப்பவும் பாக்கெட்டுக்குள்ளதான். கல்யாண வீட்டுல வரிசையா கை கோத்து ஆடினாக்கூட ஓரத்துல நின்னு இடது கையைத்தான் குடுப்பார். இப்ப திருப்தியா?"

மிலேனா மெதுவாகத் திரும்பினாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி எந்த விரலைப் பதிஞ்சே?"

ரய்ச்செவ் தன் டையைத் தளர்த்தினான்.

அப்போது கதவு படாரென்று திறந்தது! தலை முதல் கால் வரை வைக்கோல் தூசியோடு ஆறடி உருவம் ஒன்று உள்ளே வந்தது.

"எவன்டா மெஷினை நிறுத்தினது?"

"யாருப்பா நீ?" என்றாள் மிலேனா.

"தோப்ரி ஸ்தானெவ் கோலெவ்."

"ஐயோ...!" ரய்ச்செவ் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"பேரனுக்குத் தாத்தா பேரை வைக்காம உன் பேரையா வைப்பாங்க?" டின்கா சீறினாள். "மாமனார் பேரு தோப்ரி. அவர் அப்பா ஸ்தானோ. என் புருஷனும் ஸ்தானோ. அப்ப ஸ்தானோ மகன் என் பிள்ளையும் தோப்ரி ஸ்தானெவ்தானே? இந்த ஊர்ல பாதி வீட்டுல இப்படித்தான்!"

"தாத்தா கையெழுத்து போட்டார். விரல் நான் வச்சேன்," என்றான் பேரன். "இவர்தான் என் கையைப் பிடிச்சு வச்சார்."

"அன்னிக்கு... அன்னிக்கு பிளம் பிராந்தி ரொம்ப நல்லா இருந்துச்சு," என்று முனகினான் ரய்ச்செவ். "மேஜையில ஒரு விரல் வந்துச்சு. யாரோடதுன்னு பாக்கல."

"விரலுக்கும் பேருக்கும் ஒத்து வரலன்னா உங்க ஒப்பந்தம் யாரை லைசென்ஸ்காரர்னு சொல்லுது?" என்று கேட்டாள் மிலேனா.

அவன் பக்கம் புரட்டினான். தொண்டையைச் செருமினான்.

"விரலுக்கு உரியவரை."

"அவர் உயிரோட முன்னாடி நிக்கறார். பூட்டைத் திற."

"முடியாது மேடம். இறந்துட்டார்னு பதிவாயிடுச்சு. மாத்த பதினாலு வேலை நாள் ஆகும்."

"நான் நிக்கறேன்யா!" பேரன் கத்தினான்.

"கம்ப்யூட்டர்ல நிக்கலையே..."

மேற்கே இடி உருண்டது. டின்கா சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். "அவர் கடைசியா விதைச்ச கோதுமை, மேடம்... அதுகூடவா வீணாப் போகணும்?"

மிலேனாவுக்குக் கோபம் தலைக்கேறியது. குரல் மட்டும் தேன் மாதிரி வந்தது.

"ரய்ச்செவ் சார், மெஷின் ரிப்பேர்னா நீங்க எப்படிக் கிளப்புவீங்க?"

அவன் அவசரமாக வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்!

"அது... சர்வீஸ் விரல். பூட்டின மெஷினையும் கிளப்பும். ஆனா அரை மணி நேரம்தான் ஓடும். திரும்ப வைக்கணும்."

"வைங்க."

"நான் அரை மணிக்கு ஒரு தரம் வயல்ல நிக்கவா?"

"உக்காருங்க. கேபின்ல ரெண்டு சீட் இருக்காம். இல்லேன்னா பிணத்தோட விரலை வெட்டினாங்கன்னு பொய்ப் புகார் குடுத்ததுக்கு என் ஸ்டேஷன்ல உக்காருங்க. அங்க சீட் மரம். எது வசதி?"

ஒன்பது மணிக்கு மெஷின் மறுபடி உறுமியது! ஓட்டுவது பேரன். பக்கத்தில் டையோடு ஏஜெண்ட். மதியம் பேரன் தாத்தாவை அடக்கம் செய்யப் போக, கோஸ்தா ஸ்டியரிங்கைப் பிடித்தான். ரய்ச்செவ் மட்டும் நகரவில்லை. நகர விடவில்லை!

கடைசிக் கீற்றை அறுத்து முடிக்கும்போது முதல் ஆலங்கட்டி மெஷின் கூரையில் டங்கென்று விழுந்தது. நடுவில் மூன்று மணி வாக்கில்தான் ஒரு சின்னத் தகராறு. கேபின் கதவைத் திறந்து, தூசி அப்பிய ரய்ச்செவ் அழாத குறையாகக் கெஞ்சினான்.

"மேடம்! ஒரே ஒரு நிமிஷம் இறங்கிக்கறேன்... ரொம்ப அவசரம்!"

வரப்பில் நின்றபடி சாவு வீட்டுக் கோதுமைப் பிரசாதத்தை மென்றுகொண்டிருந்த மிலேனா தலையை நிமிர்த்தினாள்.

"மன்னிக்கணும் சார்! இப்ப நீங்க மெஷினோட ஒரு பார்ட். கழட்டணும்னா கம்பெனி ஆள்தான் வரணும்!"