வாரேன் என்று சொன்னவர்கள்

அன்று மத்தியானம் அந்த வீட்டில் இருந்தவர்கள்: மறதி நோயில் மகளின் பெயரையே தொலைத்துவிட்ட சுப்பராமன். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் சாருலதா. பெரியவரைப் பார்த்துக்கொள்ள முதல் நாளாக வந்த பாண்டிமீனா. முழங்கால் உயரத்தில், பொம்மி என்கிற ரோபோ.

திருப்பரங்குன்றத்தில் தண்டவாளத்தை ஒட்டிய வீடு. வெளியே வெயில் கொளுத்தியும் கூடத்தில் ஈரச்சுவர் வாடை போகவில்லை.

பொம்மிக்கு வேலை நிறைய. மாத்திரை நேரம் சொல்லும். குளித்தாயிற்றா என்று கேட்கும். யார் வரப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லி, பெரியவர் மிரளாமல் பார்த்துக்கொள்ளும். வாசல் பூட்டும் அதன் பொறுப்புதான். தெரிந்த முகம் என்றால் திறக்கும்.

"இவரை மட்டும் வெளிய விட்டுடாத," என்றாள் சாருலதா, பாண்டிமீனாவிடம். "போன மாசம் தண்டவாளத்துல போய் உக்காந்துட்டார். எப்படியோ தப்பிச்சார். இன்னொரு தடவைன்னா..." முடிக்காமல் செருப்பை மாட்டினாள். "சரி, நான் போறேன்."

பாண்டிமீனாவுக்குச் சுருக்கென்றது. "என்னக்கா, வாசல்ல நின்னு போறேங்கிறீக? வாரேன்னு சொல்லுங்க."

"இந்த வீட்டுல சொல்றதில்ல. வாரேன்னு சொன்னா வரப்போறாங்கன்னு இந்தப் பொம்மி குறிச்சு வச்சுக்கும். எங்கம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப அப்படிச் சொல்லிட்டுப் போனா. பொணமாக்கூட வீட்டுக்குக் கொண்டுவரல, அங்கேருந்தே சுடுகாடு. கம்பெனிக்காரங்களாலகூட அந்தக் குறிப்பை அழிக்க முடியல."

பொம்மியின் திரையில் இரண்டு கண்கள் இமைத்தன.

"பட்டு அம்மா இன்னும் வரலை," என்றது, பால்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

சாருலதா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. போய்விட்டாள்.

பாண்டிமீனா ரசம் சோறு பிசைந்து ஊட்டினாள். சுப்பராமன் அவளை உற்றுப் பார்த்தார். "நீ செல்லூர் அத்தை பொண்ணுதானே?"

"ஆமாய்யா, அத்த மகதான். கட்டிக்கிறீகளா? மொதல்ல வாயத் தொறங்க."

கிழவர் குலுங்கிச் சிரித்தார்.

பொம்மி திரும்பி வாசலைப் பார்த்தது.

"பட்டு அம்மா வந்தாச்சு."

பூட்டு கழன்றது.

கதவு ஒருக்களித்துத் திறந்தது. வெளியே வெறும் வெயில். ஆள் இல்லை. ஆனால் நீலகிரித் தைலமும் பினாயிலும் கலந்த வாடை ஒன்று உள்ளே நடந்து வந்தது. நடந்துதான் வந்தது. கூடத்தைக் கடந்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது.

சுப்பராமன் முகம் தெளிந்தது. தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டார். "இவ்ளோ நேரமா, பட்டு?"

கையை நீட்டினார்.

அந்த மணிக்கட்டின் தோல், யாரோ பற்றியதுபோல் அமுங்கியது.

கோல் இல்லாமல் எழ முடியாதவர் விறுவிறுவென்று நடந்தார். தூரத்தில் ரயில் ஊதியது.

பாண்டிமீனா ஓடிப்போய் வாசலில் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். இழுப்பு அவரிடமிருந்து வரவில்லை. அவருக்கு முன்னாலிருந்து வந்தது.

"பொம்மி! கதவச் சாத்து!"

"பட்டு அம்மா இன்னும் கிளம்பலை."

"அவுக செத்துட்டாக!"

"உங்க பக்கத்துலதான் நிக்கிறாங்க."

அவருடைய ஒரு கால் படியைத் தாண்டிவிட்டது. தரை அதிர ஆரம்பித்தது. ரயில் கிட்டே வந்துவிட்டது.

வேண்டாத விருந்தாளியை வழியனுப்ப ஊரில் எல்லோரும் சொல்கிற பொய் ஒன்று உண்டு. பாண்டிமீனாவின் வாயில் அதுதான் வந்தது.

"அம்மா, அவர விட்டுருங்க," என்று கிசுகிசுத்தாள். "நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வாரேன்."

இழுப்பு நின்றது.

"குறிச்சுக்கிட்டேன்," என்றது பொம்மி.

சுப்பராமன் தொய்ந்துபோய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டைத் தடவியபடி, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல், நாற்காலிக்குத் திரும்பினார்.

பாண்டிமீனாவின் மணிக்கட்டு சில்லிட்டது. ஐந்து விரல்கள். ஒவ்வொன்றாக அழுந்தின.

அவள் நிலைப்படியைப் பற்றினாள். பிடி நழுவியது. கால்கள் படியில் இறங்கின.

உள்ளே பெரியவர் கேட்டார்: "யாரு வந்தது?"

"யாரும் இல்லை. நீங்க சாப்பிடுங்க," என்றது பொம்மி.

அவள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.