மிக்ஸி போட்டால் மயங்கும் மணி

என் தம்பி காலை உடைத்துக்கொண்டு மாடியறையில் படுத்திருந்த அந்த மாதத்தில்தான் எங்கள் வீட்டுக்குக் கம்பியில்லா மணி வந்தது. செய்தவர் விஞ்ஞானி மாமா. அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தவரும் அவரேதான்.

தம்பியின் கையில் ஒரு பொத்தான். சமையலறையில் ஒரு பெட்டி. அதற்குள் நகமளவு கணினி. மேலே அழுத்தினால் கீழே மணி அடிக்கும்.

"உலகத்துலேயே முதல் முறை!" என்றார் மாமா.

"போன வாரம் கடையில பார்த்தேனே மாமா?" என்றேன்.

அது மட்டும் அவர் காதில் விழவில்லை.

காலையில் மணி நன்றாக அடித்தது. அம்மா கடைகளுக்குக் கொடுக்க மசாலாப் பொடி அரைக்கத் தொடங்கியதும் ஊமையாகிவிட்டது. தம்பி தண்ணீர் கேட்டு அழுத்தி அழுத்தி, கடைசியில் அழுதேவிட்டான். மிக்ஸி இரைச்சலில் அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். சரியாகலைன்னா இவனை அத்தை வீட்டுல விட்டுடலாம்," என்றார் அப்பா.

எனக்குத் திக்கென்றது. அத்தை வீடு ரயிலில் ஒரு நாள் தூரம். தம்பி இல்லாமல் நான் யாரோடு சண்டை போடுவது?

மாமா தாடையைத் தடவினார். "காத்துல ஒரே அலை நெரிசல். ஆன்டெனா பத்தல."

கரண்டி ஒன்றைக் கட்டினார். மறுநாள் குடைக்கம்பி. சனிக்கிழமைக்குள் பெட்டி முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிட்டது. மணிதான் அடிக்கவில்லை.

அன்று நான் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா மிக்ஸியைப் போட்டார். சமையலறை பல்பு ஒரு நொடி மங்கியது. பெட்டியின் நீல விளக்கு அணைந்துவிட்டு, மூன்று முறை கண்சிமிட்டியது. காலையில் பிளக்கில் செருகும்போதும் அப்படித்தான் செய்யும். முழுதாக விழிக்க அதற்கு அரை நிமிடம் வேண்டும். அதற்குள் அம்மா மிக்ஸியை நிறுத்தி மறுபடி போட்டார். விளக்கு மறுபடி அணைந்தது.

"மாமா, மிக்ஸி ஒரே மடக்குல கரண்டைக் குடிச்சிடுது. பெட்டிக்கு மயக்கம் வருது. அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி கூப்பிடறான்."

"சின்னப் பொண்ணு, உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. இன்னொரு குடை இருந்தா கொண்டா."

நான் குடை தேடவில்லை. என் ரிமோட் காரை எடுத்தேன். பிறந்தநாளுக்கு வந்தது, தம்பியைத் தொடக்கூட விட்டதில்லை. அதன் பேட்டரியைக் கழற்றி நீட்டினேன்.

"பெட்டியை இதுல ஒரு தடவை மாட்டிப் பாருங்க மாமா."

"உன் ஆசையை ஏன் கெடுக்கணும்," என்று பெருந்தன்மையோடு மாட்டினார்.

அம்மா மிக்ஸியைப் போட்டார். பல்பு மங்கியது. நீல விளக்கு அசையவே இல்லை. இரைச்சலையும் மீறி மணி அடித்தது!

மாடிக்கு ஓடினேன். "என்னடா வேணும்?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா அடிச்சேன்."

அன்று மட்டும் நாற்பது தடவை சும்மா அடித்தான். அந்த மாதம் முடியும்வரை அவன் மாடியிலேயே இருந்தான். என் கார் அலமாரியில் இருந்தது.

குடைக்கம்பிகளை யாரும் பார்க்காதபோது கழற்றிவிட்டு, பெட்டியின் மேல் மாமா மையால் எழுதினார்: 'கண்டுபிடிப்பு: விஞ்ஞானி மாமா.'

பெட்டி இப்போதும் என் மேசையில் இருக்கிறது. மை எப்போதோ அழிந்துவிட்டது. கால் சரியாகிப் படியிறங்கி வந்த அன்று, தம்பி அதன் கீழே ஆணியால் கோணல்மாணலாகக் கீறியது மட்டும் அப்படியே இருக்கிறது.

'பேட்டரி: எங்க அக்கா.'