மைக்கில் விழுந்த அலறல்

"ஐயோ… பொண்ணக் காணலியே…!"

அலறல் நேராக மைக்கில் விழுந்தது.

தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி அதை அள்ளிக்கொண்டு போய் மார்த்தாண்டம் சந்தை வரைக்கும் கொட்டியது. மரச்சீனிக் கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசை அப்படியே பிடித்தபடி நிமிர்ந்தார்கள்!

அலறியது போலீஸ் ஏட்டு மாசிலாமணியின் தங்கை.

காணாமல் போனது ஏட்டின் ஒரே மகள் லீலாபாய். அன்றைய கல்யாணப்பெண்!

காலையில்தான் கோயிலில் பாதிரியார் முன்னால் தாலி ஏறியிருந்தது. மத்தியானம் பந்தி முடிந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சேலை மாற்ற உள்ளே போன பெண்… போனவள்தான்!

எங்கே எவன் மாடு தொலைந்தாலும் மோப்பம் பிடித்துக் கொண்டுவந்து கட்டுகிற ஆசாமி மாசிலாமணி. சொந்தப் பந்தலில், சொந்த மகளைத் தொலைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தார்.

அறைக்குள் பாய்ந்தார்.

கட்டில்மேல் கல்யாணச் சேலை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் நகைகள். ஒரு குண்டுமணி குறையவில்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

கொள்ளை இல்லை… கடத்தலும் இல்லை… தானாகப் போயிருக்கிறாள்!

ஏட்டுக்கு நாக்கு உலர்ந்தது. "ஏட்டி எஸ்தர், தண்ணி கொண்டா!" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கத்தினார். யாரோ ஒரு செம்பை நீட்டினார்கள். யார் என்றுகூடப் பார்க்காமல் மடமடவென்று குடித்தார்.

இத்தனை சனம் கூடியிருந்த பந்தலில் இருந்து ஒரு பெண் வெளியே போனதை எப்படி ஒருத்தரும் பார்க்கவில்லை?

பளிச்சென்று பொறி தட்டியது.

ததேயுஸ்!

ததேயுஸை உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்கள் அந்தப் பக்கத்து ஆளே இல்லை. முட்டம் கடற்கரைப் பையன். சுருட்டை முடி, பட்டு ஜிப்பா. கோயில் பாட்டுக்குழுவில் இருந்தான். ஞானப்பாட்டுக்குக் கடலில் வள்ளம் தள்ளுகிறவர்கள் பாடும் மெட்டைப் போட்டான் என்று வெளியே தள்ளினார்கள். அன்றைக்குப் பிடித்தது யோகம்! அவன் பாடாத கல்யாணமில்லை, தேர்தல் கூட்டமில்லை. 'களியக்காவிளை பஸ்ஸுக்குக் காத்திருந்து கால் வலிக்குதே' என்கிற அவன் பாட்டை முணுமுணுக்காத வாய் பல் முளைக்காத வாயாகத்தான் இருக்க வேண்டும்.

இன்றைக்கும் பந்தி முடிந்ததும் அவன்தான் கல்யாண வாழ்த்து பாடினான். அந்த வாழ்த்தில்தான் இருக்கிறது சூட்சுமம்! இரண்டு வீட்டுச் சொந்தக்காரர் பெயரும் வரிசையாக வரும். தன் பெயர் வருவதற்கு முன்னால் எழுந்து போகிற மானமுள்ள மனிதன் எவன் இருக்கிறான்? வழக்கமாக ஒரு சாயா ஆறுவதற்குள் முடிந்துவிடும். இன்றைக்கு ததேயுஸ் சித்தப்பா, சித்தப்பாவின் சகலை, சகலையின் கொழுந்தியாள், கொழும்பில் செத்துப்போன பெரியப்பா என்று பாடிக்கொண்டே போனான். பந்தலில் ஒரு தலை அசையவில்லை.

ஏட்டு பெயரை ஆகக் கடைசியில் வைத்திருந்தான் படுபாவி. ஏட்டும் முன்வரிசையில் மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார்!

ததேயுஸின் ஜிப்பாக் காலரைப் பிடித்துச் சமையல் பந்தலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"வேணும்னே நீட்டினியா லே?"

"பாடுகது குத்தமா ஏட்டையா?"

"எம் பிள்ள எங்கலே?"

ததேயுஸ் ஜிப்பாச் சுருக்கத்தை நீவினான். மைக் இல்லாமல் அவன் வாய் திறக்காது போலிருக்கிறது.

அதற்குள் அடுத்த இடி. மாப்பிள்ளை வந்த கார், பூமாலை சுற்றின கார், அதையும் காணோம். டிரைவரையும் காணோம்!

மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். விளக்கு வைப்பதற்குள் பெண் வரவில்லையென்றால் கிளம்பிவிடுவோம், இந்த வாசலை அப்புறம் மிதிக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை சத்தியதாஸ் மட்டும் ஓர் ஓரமாக உட்கார்ந்து நேந்திரங்காய் வற்றலைக் கடித்துக்கொண்டிருந்தான். என்ன மனுசன்!

மாசிலாமணிக்கு அப்போது மானம் மரியாதை ஒன்றும் நினைவில் இல்லை. பிடிக்காத கல்யாணமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே… கேட்கவில்லையே!

கார் குழித்துறை ரோட்டில் போனதாகச் சந்தையில் யாரோ சொன்னார்கள்.

குழித்துறை… ஆறு!

ஓடினார். ஒரு கையில் ததேயுஸின் காலர். பின்னாலேயே மாப்பிள்ளை. பாலத்தின் கைப்பிடியில் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், பூ சுற்றின கார் ஒன்று நிற்காமல் பாலம் தாண்டி மேற்கே போயிற்று என்றார்கள். அந்த மட்டுக்கு உயிர் வந்தது.

திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. நூஹுவின் சாயாக்கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். எங்கேயென்று போய்த் தேடுவது?

கடை ரேடியோ கரகரத்தது.

'திருவனந்தபுரம் வானொலி நிலையம். அடுத்து மெல்லிசை. எழுதி, மெட்டமைத்துப் பாடுகிறவர், மார்த்தாண்டம் லீலாபாய்…'

ஏட்டின் கையிலிருந்த சாயா தொடையில் கொட்டியது. சுடவேயில்லை!

'களியக்காவிளை பஸ்ஸுக்குக் காத்திருந்து…'

நூஹு அடுப்பை விட்டு வெளியே வந்தார். "இது நம்ம ததேயுஸுக்க பாட்டுல்லா?"

ததேயுஸ் தலையைச் சொறிந்தான். "எனக்க பாட்டு ஒண்ணுகூட எனக்க பாட்டு இல்ல. எல்லாம் லீலா கெட்டினது. பள்ளிக்கூடம் படிக்கிற காலத்துல இருந்தே அவ பாடித் தருவா, நான் மைக்கில பாடுவேன். தொண்டை மட்டும்தான் எனக்கு ஏட்டையா."

"காரு நான் குடுத்ததுதான் மாமா." சத்தியதாஸ் நிதானமாகச் சொன்னான். "பெண்ணு பாக்க வந்த அண்ணைக்கே என்கிட்ட எல்லாம் பறஞ்சிட்டா. ரேடியோக்காரங்க தேதிய மாத்தமாட்டாங்க. நீங்க கல்யாணத் தேதிய மாத்தமாட்டீங்க. சொன்னா காரை மறிச்சிருப்பீங்க. எங்க அப்பாகிட்ட நான் பேசிக்கிடுகேன். ஆனா நீங்க ஆத்துக்கு ஓடுவீங்கன்னு நெனைக்கல்ல மாமா… அது எங்க தப்பு."

போன மாதம் பல்வலி என்று நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுப் போனாளே… அது குரல் சோதனைக்குத் திருவனந்தபுரம் போனதாம்! அவளுக்கு ஒரு பல்லும் ஆடவில்லை.

மாசிலாமணிக்கு அறையவேண்டும் போலிருந்தது. யாரை என்று தெரியவில்லை. மகள் உயிரோடு இருக்கிறாள், பாடுகிறாள், அதுவும் என்னமாய்ப் பாடுகிறாள்! துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது அடியில் இன்னொரு குரல் சேர்ந்தது. கொஞ்சம் கனத்த குரல். முதலில் கூச்சப்பட்டு, அப்புறம் லீலாபாயையே ஓரமாக ஒதுங்கச் சொல்லிவிட்டு மேலே ஏறியது.

"கொள்ளாமே… நல்லாருக்கே…" ஏட்டு மூக்கை உறிஞ்சினார். "கூடப் பாடுகது ஆருலே?"

ததேயுஸ் மாப்பிள்ளையைப் பார்த்தான். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தான்.

பாட்டு முடிந்தது.

'உடன் பாடியவர், எஸ்தர் மாசிலாமணி.'

ஏட்டு எழுந்து நின்றுவிட்டார்!

எஸ்தர்! அவர் பெண்டாட்டி! மத்தியானம் பந்தி முடிந்ததிலிருந்து எஸ்தரைப் பார்த்தாரா? இல்லை! ஊர் முழுக்க ஒருத்தியைத் தேடியவர், வீட்டில் இரண்டு பேர் குறைவதைக் கவனிக்கவேயில்லை. துப்பறியும் சிங்கம்!

கல்யாணமான புதிதில் அம்மி அரைக்கும்போது எஸ்தர் ஏதோ பாடுவாள். 'சத்தம் போடாதட்டி' என்று ஒரு நாள் அதட்டினார். அன்றோடு நிறுத்தினாள். அவள் குரல் இப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"மக்கா…" ஏட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் ராத்திரி வந்துருவாவ இல்லியா?"

சத்தியதாஸ் கடைசி வற்றலை வாயில் போட்டுக்கொண்டான்.

"எனக்க பெஞ்சாதி வந்துருவா மாமா. ஒங்க பெஞ்சாதிக்கு நான் ஜாமீன் நிக்க முடியாது!"