அச்சுக்கோடு

திரைக்குள் குந்தியிருந்த மனிதன் இருமினான்.

நீலாவதி சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். அலுவலகக் கணினிக்கு ஒலிபெருக்கி கிடையாது. முதலாளியின் மகன் சென்னைக்குத் திரும்பியபோது அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் ஏற்றிவைத்த விளையாட்டு மட்டும் அழிக்கப்படாமல் தங்கியிருந்தது. ஆயினும் இருமல் கேட்டது: வறட்சியாக இரண்டு முறை, சிறிது இடைவெளி, பிறகு நெஞ்சின் அடியில் ஒட்டிக்கிடந்த எதையோ கரண்டியால் வழித்தெடுப்பதுபோல் நீண்டதொரு காறல். அந்த வரிசை அவளுக்கு மனப்பாடம். ஒன்பது மாதங்களாகப் பாயில் தன் பக்கத்தில் கேட்டுவருவது.

ஜன்னலுக்கு அப்பால், பகல் ஒரு மணிக்கே மழை இருட்டிய வார்ப்புக் கொட்டகையில், அவள் கணவன் ராஜவேல் களிமண் கூழ்த் தொட்டியின் விளிம்பில் வழக்கம்போல் இடப்பக்கம் சாய்ந்து நின்று துடுப்பால் கலக்கிக்கொண்டிருந்தான். அவன்தான் இருமியிருக்க வேண்டும். இந்த மண்ணைவிட்டு விலகாவிட்டால் நுரையீரல் தேறாது என்று மருத்துவர் சொல்லியாயிற்று. அடுத்த ஐப்பசியில் அவன் இருப்பானா என்ற ஒரே கேள்வி, சோற்றில் அகப்பட்ட மயிரைப்போல, அவளுடைய ஒவ்வொரு நாளிலும் தட்டுப்பட்டது.

விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில் அவளுக்கு இரட்டை வேலை. கணினி வகுப்புக்குப் போனவள் என்பதால் பிற்பகலில் பெட்டிகளுக்கான சீட்டுகளை அச்சிடுவாள். காலையில் இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மைகளைச் சீவுவாள். இரண்டு பாதியாகப் பிளக்கும் அச்சுக்குள் கூழை ஊற்றுவார்கள். அச்சின் சுவர் நீரை உறிஞ்சி ஓரத்தில் தோல்போல ஒரு படலம் கட்டியதும், மிச்சக் கூழை அடித்துளை வழியே வடித்துவிடுவார்கள். வெளியே வரும் பொம்மை உள்ளே வெறுமையாக இருக்கும். இரு பாதிகளும் சந்தித்த இடத்தில் காதிலிருந்து கால்வரை மெல்லிய கோடு ஒன்று புடைத்து நிற்கும். அந்தக் கோட்டைத் தகட்டால் சீவி, ஈரப் பஞ்சால் துடைப்பது அவள் தொழில். விரிசல் கண்ட பச்சைப் பொம்மையைக் கை யோசிக்காமல் தொட்டிக்குள் போட்டுவிடும். அது கரையும், கூழாகும், மறுபடி அச்சுக்குப் போகும், நாளை முழுசாகத் திரும்பும்.

உணவு வேளையில்தான் விளையாட்டு. கடல் சூழ்ந்த தீவில், இடுப்பில் தோல் சுற்றிய பழங்குடியினர் முப்பது பேர். அவர்களோடு பேச வழியில்லை. சுட்டியால் கழுத்தைப் பற்றித் தூக்கி, காட்டருகே விட்டால் மரம் வெட்டுவார்கள். கரையில் விட்டால் மீன் பிடிப்பார்கள். குழியருகே விட்டால் களிமண் சுமப்பார்கள். ஆறு கூடை மண்ணுக்கு ஒரு குடிசை. எழும் ஒவ்வொரு குடிசையிலிருந்தும் புதிதாக ஆட்கள் வருவார்கள். அறுபது குடிசைகள் நிறைந்தால் ஊரைச் சுற்றி மதில் எழும்பும். அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டால், எதிர்த்தீவிலிருந்து உடலில் செம்மண் பூசியவர்கள் படகேறி வந்து அனைவரையும் வெட்டிப்போடுவார்கள். மூன்று முறை அப்படித் தோற்றிருந்தாள்.

இன்று ஐம்பத்தொன்பது குடிசைகள். திரையின் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. குழி வறண்டுவிட்டது. அதன் ஓரத்தில் இந்த ஒருவன் மட்டும் வேலையின்றிக் குந்தியிருந்தான். காட்டில் விட்டாள், குந்தினான். கரையில் விட்டாள், குந்தி இருமினான். தூக்கினாள். கால்கள் அந்தரத்தில் உதைத்தன.

கை யோசிக்கவில்லை. குழிக்குள் போட்டது.

அவன் உடனே மூழ்கவில்லை. முதலில் முகம் இளகியது. பிறகு ஒரு கை, வெந்த மாவைப்போல நீண்டு, குழியின் விளிம்பைப் பற்ற முயன்று, பற்றிய இடத்திலேயே வழுக்கிக் கரைந்தது. குழி மெல்ல ஏறியது. மேலே சாம்பல்நிற நுரை கட்டிக் கொப்பளித்து அடங்கியது. பழைய கூழின் புளித்த வாடை அறைக்குள் நிறைந்து அவள் நாக்கில் எச்சிலாக ஊறியது. விழுங்கவும் கூசினாள், துப்பவும் கூசினாள். திரையில் அறுபதாவது குடிசை எழுந்தது. மதில் எழும்பியது. வென்றுவிட்டாள். ஒரு நொடி அவளுக்குள் மகிழ்ச்சி குதித்தது.

புதிய குடிசையிலிருந்து ஒருவன் வெளியே வந்தான். அதே இடப்பக்கச் சாய்வு. அதே நடை. இருமவில்லை.

கொட்டகையிலும் இருமல் இல்லை.

ஜன்னலில் பார்த்தாள். துடுப்பு மட்டும் தொட்டியில் சாய்ந்து நின்றது.

ஓடினாள். பொம்மைகளுக்கு நடுவே கண்ணம்மாள் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தாள். இருபது வருடமாகச் சீவுகிறவள்.

"அக்கா, அவரு எங்க?"

"யாரு, உன் ராசாவா? இப்பதான இருமிக்கினு நின்னாரு. டீ குடிக்கப் போயிருப்பாரு. அஞ்சு நிமிசம் காணலன்னா போலீசுக்கே போயிடுவ போல!"

"செருப்பு இங்கயே கெடக்குதே."

"மழையில செருப்பு எதுக்குடி? வழுக்கி வுழவா?"

தொட்டியின் உட்சுவரில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. காலையில் கூழ் அதற்கு ஒரு சாண் கீழே இருந்தது. இப்போது கோட்டைக் காணவில்லை.

நீலாவதி தோள்வரை கையை விட்டாள். கூழ் எப்போதும் சில்லென்றிருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் அறுத்த ஆட்டின் வயிற்றுக்குள்போல. சவ்வு சவ்வாக ஏதோ விரல்களைத் தடவி விலகியது. ஒரு கயிறு சிக்கியது. இழுத்தாள். கறுப்பு அரைஞாண் கயிறு. போன ஆடியில் ராஜவேலுக்கு அவளே வாங்கிக் கட்டியது. அறுந்திருக்கவில்லை. போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.

"என்னா நீலா, கூழ்ல கைய வுட்டுக்கினு?"

பொம்மை அச்சுகள் அடுக்கிய அறையின் வாசலில் ராஜவேல் நின்றான்.

"எங்க போயிட்டீங்க?"

"எங்கயும் போவலியே. இங்கதான் இருந்தேன்."

"இருமல்?"

"நின்னுடுச்சு."

கண்ணம்மாள் சிரித்தாள். "பாத்தியா? நீ தேடுன பயத்துலயே ஓடிடுச்சு."

நீலாவதியும் சிரிக்க முயன்றாள். ஒன்பது மாதம் எல்லாச் சாமியிடமும் கேட்டது இதைத்தானே. கயிற்றைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள். விரல் இடுக்குகளில் கூழ் காயாமல் ஒட்டியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடி கழுவினாள். அது போகவில்லை.

மாலையில் வீட்டில் அவன் சோற்றைத் தொடவில்லை.

"வயிறு கேக்கல. தண்ணி மட்டும் குடு."

குடித்தான். நெடுந்தூரம் கீழே, வெற்றுக் குடத்தின் அடியில் நீர் விழும் சத்தம் கேட்டது.

விளக்கின் கீழே உட்கார்ந்து சட்டையைக் கழற்றினான். இடுப்பில் கயிறு இல்லை. மார்பில் மயிர் இல்லை. தொப்புள் இல்லை. சாம்பல் பூத்த தோல், ஈரமாக, ஒரே சீராக. இடது கையைத் தலைக்குமேல் தூக்கினான்.

"இங்க ஒரே உறுத்தலா இருக்குது, நீலா."

காதின் பின்னால் தொடங்கியது. கழுத்து. அக்குள். விலா. இடுப்பு. நூல் கனத்தில் ஒரு கோடு. புடைத்து.

"நீதான் நல்லா சீவுவியே. கொஞ்சம் சீவி வுடு."

அவளுடைய தகடும் பஞ்சும் அவன் எதிரே தட்டில் இருந்தன. கொட்டகையிலிருந்து கொண்டுவந்திருந்தான்.

கத்த வாயைத் திறந்தாள். கை அதற்குள் தகட்டை எடுத்துவிட்டது. பழகிய கை. யோசிக்காத கை.

ஒரு சீவு. தோல் சுருளாக எழுந்து அவள் கட்டைவிரலில் ஒட்டியது. இரத்தம் இல்லை. புளித்த வாடை. இன்னொரு சீவு. தகடு விலாவில் இடித்தது. டொக்கென்றது.

அவன் பாதத்தைத் திருப்பினான். உள்ளங்காலின் நடுவே விரல் நுழையும் துளை. அதிலிருந்து கூழ் சொட்டியது. கனமாக. வெதுவெதுப்பாக. அவள் மடியில்.

"நிறுத்தாத" என்றான். வாய் சிரித்தபடியே இருந்தது.

அவன் வெறுமைக்குள்ளிருந்து, வெகு ஆழத்திலிருந்து, அது கேட்டது.

வறட்சியாக இரண்டு முறை.

ஓர் இடைவெளி.

பிறகு அந்த நீண்ட காறல்.